பிலிம் கேமராவோடு நெல்லையைச் சுற்ற: ஒரு ரோலுக்கான முழுமையான வழிகாட்டி

பிலிம் கேமராவில் நடக்கிற தவறு நடக்கும்போது தெரியாது. ரோலைக் கூரியரில் அனுப்பி, ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து ஸ்கேன் வரும்போதுதான் தெரியும். அதற்குள் அந்த வெளிச்சமும் போயிருக்கும், படித்துறையில் உட்கார்ந்திருந்த ஆச்சியும் எழுந்து போயிருப்பார். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி முதல் கிளிக்குக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்களோடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டவுனைச் சுற்றுவது என் வழக்கம். அவர்கள் எல்லாரும் எங்கெங்கே போகலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள், ஆனால் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்து நடப்பது என்று யோசித்து வருகிறவர்கள் குறைவு. கையில் இருப்பது 36 படம். ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அதனால்தான் எதற்குப் பின் எது என்கிற வரிசையை இந்த வழிகாட்டி முழுக்க வலியுறுத்துகிறேன்.

1. ஒரு வாரம் முன்னால்: கேமராவைச் சோதியுங்கள்

பீரோவில் கிடந்த அப்பாவின் யாஷிகா எம்எஃப்-2, கோடக் கேபி10, பழைய கேமரா விற்பவரிடம் வாங்கிய பென்டாக்ஸ் கே1000, எதுவாக இருந்தாலும் முதலில் ரோல் போடாமல் பின்மூடியைத் திறங்கள். விளிம்பில் ஓடுகிற கறுப்பு ஃபோமை விரலால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் அது போய்விட்டது என்று அர்த்தம். நம் ஊர் சூட்டில் பத்திருபது வருடம் கிடந்த கேமராவில் இது சாதாரணம். அந்த வழியாக வெளிச்சம் கசிந்து, கலர் படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டையாக விழும். புது ஃபோம் கிடைக்கும், ஒட்டுவதும் கஷ்டமில்லை. அன்றைக்கே அவசரம் என்றால் மூடியின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

ஷட்டர் வேகத்தை மாற்ற முடிகிற கேமரா என்றால், மூடி திறந்தபடியே ஜன்னல் பக்கம் காட்டி, 1 வினாடி, 1/30, 1/500 என்று ஷட்டரை அடித்துப் பாருங்கள். மூன்றிலும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், 1/500-ல் ஒரு மின்னல் போல. மெதுவான வேகத்தில் ஷட்டர் திறந்தபடி நின்றுவிட்டால் சர்வீஸ் செய்யாமல் ரோல் போடாதீர்கள்.

லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. கொஞ்சமாக இருந்தால் படம் வரும், ஆனால் சூரியனைப் பார்த்து எடுக்கும்போது படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும்.

பேட்டரியைப் புதிதாகவே போடுங்கள். கே1000 போன்ற கேமராவில் பேட்டரி செத்தால் வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டர் மட்டும்தான் நிற்கும், ஷட்டர் அடிக்கும். கேனன் ஏஇ-1 போன்ற எலெக்ட்ரானிக் கேமராவில் எல்லாமே நின்றுபோகும்.

இன்னொன்று, கண் வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் லென்ஸ் வழியாக இல்லாமல் தனியாக இருக்கிற கேமராக்களில் (யாஷிகா எம்எஃப்-2, யாஷிகா எலெக்ட்ரோ 35) லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் கண்ணுக்குக் காட்சி தெளிவாகத் தெரியும். படம் மட்டும் விழாது. கிளம்பும்போதே மூடியைக் கழற்றிப் பையின் அடியில் போட்டுவிடுங்கள்.

2. ரோல் எது வாங்குவது

முதல் சுற்றுக்கு ஐஎஸ்ஓ 400 கலர் நெகட்டிவ் வாங்குங்கள். ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வேகம், எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். நாம் போகிற வழியில் ஆற்றங்கரை விடியல், வீட்டு நிழல், மண்டபத்து இருட்டு, ராத்திரிக் கடைவீதி எல்லாம் வருகிறது. ரோலைப் பாதியில் மாற்ற முடியாது. 100 ஐஎஸ்ஓ போட்டுவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்தால் கை நடுங்காமல் எடுக்கவே முடியாது. மத்தியான வெயிலுக்கு 400 அதிகம் என்று பயப்பட வேண்டாம், 1/500 வினாடி, எஃப்16-ல் சரியாக உட்கார்ந்துவிடும். எஃப் எண் என்பது அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சின்னது.

கலர் நெகட்டிவ் ஏன் என்றால், வெளிச்சம் கூடிப்போனால் அது ஒன்றிரண்டு ஸ்டாப் வரை தாங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது). குறைந்து போனால் தாங்காது, நிழல் எல்லாம் சேறாகிவிடும். வீட்டிலேயே கழுவப் போகிறீர்கள் என்றால் இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் போல 400 கறுப்பு வெள்ளை ரோல் நல்லது.

விலை மலிவாகக் கிடைக்கிற சினிமா பிலிமில் கவனம் வேண்டும். டப்பாவில் இசிஎன்-2 என்று போட்டிருந்தால் அதன் முதுகில் ஒரு கரிப் பூச்சு இருக்கலாம். அப்படி இருக்கிற ரோலை, கலர் நெகட்டிவுக்கான வழக்கமான சி-41 முறையில் கழுவுகிற இடத்துக்குச் சொல்லாமல் அனுப்பினால் அந்தக் கரி கரைந்து அவர்கள் ரசாயனத்தையும் கெடுக்கும், மற்றவர்கள் ரோலையும் கெடுக்கும். கழுவுகிறவரிடம் கேட்ட பிறகுதான் வாங்க வேண்டும். தேதி முடிந்த ரோலும் முதல் சுற்றுக்கு வேண்டாம். படம் சரியாக வராவிட்டால் தவறு உங்களுடையதா ரோலுடையதா என்று கண்டுபிடிக்க முடியாது.

ரோலை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் முந்தின நாள் ராத்திரியே வெளியே எடுத்து, டப்பாவைத் திறக்காமல் வையுங்கள். குளிர்ந்த ரோலை உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றில் நீர் கோத்துக்கொள்ளும்.

3. பையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு, பென்சில், மாற்று பேட்டரி, லென்ஸ் துடைக்கப் பருத்தித் துணி, ஒரு துண்டு, தண்ணீர். ஐப்பசி கார்த்திகை என்றால் ஒரு பிளாஸ்டிக் கவரும். துண்டு எதற்கு என்றால், ரோல் மாட்டும்போது நிழலுக்கும், ஆற்றங்கரையில் கை துடைக்கவும், வெயிலில் கேமராவை மூடவும்.

கேமராவையோ ரோலையோ வண்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் நின்ற ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், ஏன் என்று புரியும். சூடு பட்ட ரோலில் நிறம் திரிந்துவிடும்.

4. ரோல் மாட்டுவது

இதை வீட்டிலேயே, ராத்திரியே செய்துவிடுங்கள். ஆற்றங்கரை அரையிருட்டில் முதன்முதலாகச் செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

ரோலை இடது பக்கக் குழியில் வைத்து, நாக்கை இழுத்து, வலது பக்கச் சுருளின் பிளவில் செருகுங்கள். பிலிமை நகர்த்துகிற லீவரை ஒருமுறை மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் இரண்டு வரிசைத் துளைகளும் பற்களில் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு வரிசை மட்டும் மாட்டியிருந்தால் பிலிம் கோணலாக ஏறி, நாலைந்து படத்துக்குள் கிழியும் அல்லது நழுவும். இரண்டும் உட்கார்ந்த பிறகுதான் மூடி.

மூடியபின் இடது பக்கத்து ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டுகிற திசையில் மெல்லச் சுற்றித் தொய்வை எடுங்கள். இறுகியதும் விடுங்கள். இப்போது லீவரைச் சுற்றி ஒரு படம் அடியுங்கள், இன்னொன்று அடியுங்கள். லீவர் சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் அந்த ரீவைண்ட் கைப்பிடி தானாக எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். திரும்பினால் பிலிம் ஓடுகிறது. திரும்பாவிட்டால் உள்ளே பிலிம் அப்படியே இருக்கிறது, நீங்கள் வெறும் காற்றில் கிளிக் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என்னோடு வந்த ஒரு கல்லூரிப் பையன் ஆற்றங்கரைக் குறுக்குத்துறையில் தொடங்கிச் சாயங்காலம் வரை அத்தனை அக்கறையாகப் படம் எடுத்தான். எண்ணி 36-ஐத் தாண்டி 40-க்குப் போனது, லீவர் அப்போதும் லேசாகச் சுற்றியது. ரீவைண்ட் கைப்பிடி நாள் முழுக்க ஒரு தடவைகூட அசையவில்லை என்பதை அப்போதுதான் இரண்டு பேரும் கவனித்தோம். ரோல் புத்தம் புதிதாக உள்ளே இருந்தது. அதிலிருந்து, யார் வந்தாலும் மூன்றாவது படத்தின்போது அந்தக் கைப்பிடியை நானே எட்டிப் பார்த்துவிடுகிறேன்.

கடைசியாக ஐஎஸ்ஓ டயலை 400-ல் வையுங்கள். போன ரோலின் எண் அப்படியே இருப்பது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கிற தவறு. 100-ல் நின்றால் இரண்டு ஸ்டாப் கூடும், ஏதோ தேறும். 1600-ல் நின்றால் இரண்டு ஸ்டாப் குறையும், ரோல் போச்சு.

5. வெளிச்சத்தை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பலர் கைபேசியில் லைட் மீட்டர் செயலியை வைத்துக்கொண்டு வருகிறார்கள். தெருவில் சரி. ஆனால் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை போடச் சொல்லி உத்தரவிட்டது. அதனால் சில எண்களை மனப்பாடம் செய்துகொள்வதுதான் வழி.

400 ஐஎஸ்ஓ-க்கு இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நேர் வெயில்: 1/500, எஃப்16. வெயில் படாத ஆனால் வானம் தெரிகிற தெரு நிழல்: 1/250, எஃப்8. சூரியன் எழும்புகிற நேரத்து ஆற்றங்கரை: 1/250, எஃப்4. மண்டபத்தின் உள்பக்கம்: 1/60, எஃப்2. விளக்குப் போட்ட கடை: 1/60, எஃப்2. சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்டாப் திறந்தே வையுங்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

1/60-க்குக் கீழே 50 மிமீ லென்ஸைக் கையில் பிடித்து எடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள்.

கேமராவுக்குள்ளேயே மீட்டர் இருக்கிறவர்கள் ஏமாறுகிற இடங்கள் இரண்டு. மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கோபுரத்தை அண்ணாந்து எடுக்கும்போது கட்டத்தில் பாதி வானம் இருக்கும். மீட்டர் வானத்தைப் பார்த்துவிட்டு மூடச் சொல்லும், கோபுரம் கறுத்துவிடும். கறுங்கல் தூணுக்கு நேரே பிடித்தால் தலைகீழாக நடக்கும், கல் வெளுத்துச் சாம்பலாக வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அதே வெயில் விழுகிற தார் ரோட்டையோ மண் தரையையோ பார்த்து அளந்துகொள்ளுங்கள், எண்ணை மாற்றாமல் கேமராவைத் தூக்கி எடுங்கள். காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கோயில் மதிலிலும் இதையே செய்யுங்கள். வெள்ளைப் பட்டையில் ஓர் எண்ணும் காவிப் பட்டையில் வேறோர் எண்ணும் காட்டும், இரண்டுமே தப்பு.

6. அனுமதியை முதலிலேயே கேளுங்கள்

நெல்லையப்பர் கோயிலுக்குள் கேமராவோடு போக நினைத்தால் வாசலிலோ அலுவலகத்திலோ அன்றைக்கு என்ன விதி என்று கேட்டுவிட்டுப் போங்கள். பிலிம் கேமராவைப் பார்த்தால் 'இது ஓடுமா?' என்று அன்பாகக் கேட்பவர்களும் உண்டு, உள்ளே விடாதவர்களும் உண்டு. விடவில்லை என்றால் வாதாடாதீர்கள். விட்டாலும் சன்னதிக்குள், மூலவரை எடுக்கக் கூடாது.

அதனால் என் திட்டத்தில் கோயிலின் உள்பக்கத்துக்கு ஒரு படம்கூட ஒதுக்குவதில்லை. கிடைத்தால் இரண்டு மூன்று மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்வேன். இப்படிப் பிரித்துப் பாருங்கள்: ஆற்றங்கரைக்கு 8, ரத வீதிகளுக்கு 12, பாளையங்கோட்டைக்கு 6, சாயங்காலத்துக்கு 8, கையிருப்பு 2. முதல் ஒரு மணி நேரத்திலேயே இருபது படத்தை அடித்துவிட்டு மாலையில் வெறுங்கையோடு நிற்பதுதான் புதியவர்களின் வழக்கம், இந்தக் கணக்கு அதற்காகத்தான்.

7. விடியல்: குறுக்குத்துறை

சூரியன் எழும்புவதற்கு அரை மணி முன்னால் அங்கே இருங்கள், அதாவது ஐந்தே முக்காலை ஒட்டி. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். பத்து நிமிடம் நில்லுங்கள். வானம் வெளுத்து, தண்ணீரில் மண்டபத் தூண்களின் நிழல் தெளியத் தொடங்கும்போது எடுக்கலாம். ஆற்றுக் காட்சியில் தண்ணீருக்கு மீட்டர் பார்க்காதீர்கள், அது வானத்தின் கண்ணாடி. படித்துறைக் கல்லைப் பாருங்கள். ஈரமாக இல்லாத கல்லாகப் பார்த்து அளங்கள்.

பாசி பிடித்த படியில் செருப்போடு இறங்காதீர்கள். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

படித்துறையில் குளிக்கிறவர்களை எடுக்காதீர்கள். தூரத்திலிருந்தாலும் சரி, முதுகுப் பக்கமாக இருந்தாலும் சரி. அது அவர்கள் வீட்டுக் குளியலறை மாதிரி. இந்த ஒன்றில் மட்டும் என்னோடு வருகிறவர்களிடம் நான் கண்டிப்பாக இருப்பேன். நடந்துபோகிற ஒருவரின் குடம், உலர்த்திய வேட்டி, கல்லில் பட்ட முதல் வெயில், ஆலமர வேர் என்று எட்டுப் படத்துக்கு அங்கே நிறையவே இருக்கிறது.

8. ரத வீதிகள்: வலமாகவே நடங்கள்

ஏழு ஏழரைக்கு டவுனுக்கு வந்துவிடுங்கள். இந்தப் பகுதியில்தான் வரிசை மிகவும் முக்கியம்.

நெல்லையப்பர் கோயில் கிழக்குப் பார்த்தது. கீழ ரத வீதியில் நிற்கும்போது காலை வெயில் ராஜகோபுரத்தின் முகத்தில் நேராக விழுகிறது. எட்டரை ஒன்பது வரை நன்றாக இருக்கும், அப்புறம் வெயில் உச்சிக்கு ஏறி, சிற்பங்களின் மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல் விழத் தொடங்கிவிடும். அதனால் முதலில் கோபுரம். கிட்டத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்வது போல வரும். 50 மிமீ லென்ஸ் என்றால் எவ்வளவு தூரம் பின்னே போக முடியுமோ போங்கள், கேமராவை மேலே சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள், கீழே தெருவும் கடைகளும் வரட்டும். முழுக் கோபுரமும் அடங்காவிட்டால் பரவாயில்லை, பாதிக் கோபுரமும் பூக்கடையும் சேர்ந்த படம் நன்றாகவே இருக்கும்.

அங்கிருந்து சாமி சுற்றுகிற அதே திசையில் நடங்கள், கோயில் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும்படி. கீழ ரத வீதியில் தெற்கே போய், தெற்கு ரத வீதியில் மேற்கே திரும்பினால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். எதிரே வருகிறவர்கள் முகத்தில் வெயில், சைக்கிள் மணியில் வெயில், தகரப் பலகையில் வெயில். மேல ரத வீதியில் வடக்கே நடக்கும்போது தெருவின் மேற்குப் பக்கத்து வீடுகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது, அந்தத் திண்ணைகளும் மர அளிகளும் காலையில் மட்டும்தான் அப்படி இருக்கும். வடக்கு ரத வீதியில் கிழக்கே திரும்பும்போது சூரியனைப் பார்த்து நடக்க வேண்டி வரும், ஆனால் அதற்குள் அது உயரப் போயிருக்கும், கண்ணைக் குத்தாது. இடமாகச் சுற்றினால் எல்லாமே மாறிப்போகும்: ஏழரை மணிக்கு வடக்கு வீதியில் மேற்கே பார்க்க வெயில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தெற்கு வீதிக்கு வரும்போது நல்ல வெளிச்சத்தின் நேரம் முடிந்து, கூட்டமும் வண்டியும் நிறைந்திருக்கும்.

எதிர்வெயிலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், சாம்பிராணிப் புகையோ தூசியோ பறக்கிற இடமாகப் பார்த்து, நிழல் பக்கத்துக்கு அளந்து எடுங்கள். லென்ஸுக்கு மேலே உள்ளங்கையை வைத்து நேர் வெயிலை மறைத்துக்கொள்ளுங்கள், விரல் கட்டத்துக்குள் வராமல்.

ஆனி ஆடியில் மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில் தெருவில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். மண் உள்ளே போனால் பிலிமில் நீளக் கீறல் விழும், அது முழு ரோலுக்கும் விழும்.

ஆனித் தேரோட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: தேருக்கு முன்னால், வடத்துக்கு உள்ளே நிற்காதீர்கள். வீதி முக்கில் முன்கூட்டியே ஓரமாக இடம் பிடித்து, தேர் திரும்புகிற நேரத்துக்குக் காத்திருங்கள். திரும்பும்போது தேர் மெதுவாகத்தான் நகரும், இழுக்கிறவர்கள் முகமும் தேரும் ஒரே கட்டத்தில் கிடைக்கும்.

9. ஆட்களிடம் பேசுவது

கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். 'அண்ணாச்சி, கடைய ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?' போதும். வேண்டாம் என்றால் சரி அண்ணாச்சி என்று நகர்ந்துவிடுங்கள்.

கேட்பதற்கு முன்னாலேயே ஷட்டர், அப்பர்ச்சர், தூரம் மூன்றையும் வைத்துவிடுங்கள். எட்டடி தூரத்தில் நின்று எடுக்கப் போகிறீர்கள் என்றால் லென்ஸில் எட்டடி, எஃப்8. சம்மதம் கிடைத்தபிறகு டயலைத் திருகிக்கொண்டிருந்தால் அவர் விறைத்துப் போய்விடுவார். ஒரு பூக்கார ஆச்சியிடம் கேட்டபோது, 'இருடே, தலையச் சீவிக்கிடுதேன்' என்று கூடைக்குள் சீப்பைத் தேடினார். தேடுகிற அந்தக் கையும் குனிந்த தலையும்தான் நான் எடுத்த படம், அடுத்து அவர் சொன்னபடி நேராக உட்கார்ந்ததையும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த வாரம் அந்தத் தெருவில் யாரும் உங்களை அந்நியமாகப் பார்க்க மாட்டார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி: எண், இடம், ஷட்டர், அப்பர்ச்சர். டிஜிட்டலில் கேமராவே எழுதிக்கொள்ளும், இதில் நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதாதவர்களுக்கு ஒரே தவறு பத்து ரோலுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

10. உச்சி வெயில்: வெளியே எடுக்காதீர்கள்

பதினொன்றிலிருந்து மூன்று வரை திறந்தவெளிப் படம் வேண்டாம். நிழல் கறுப்பு, வெயில் வெள்ளை, நடுவில் ஒன்றுமே இருக்காது. சாப்பிடுங்கள், நிழலில் உட்காருங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அடியில் போங்கள். கீழ்த்தளத்தின் நிழலில் நின்று, ஓரங்களில் வெயில் உள்ளே விழுகிற இடத்தில் ஆட்கள் கடக்கும்போது எடுக்கலாம், வெயிலுக்கு அளந்து.

11. மூன்று மணிக்குமேல்: பாளையும் பாலமும்

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று எல்லாரும் சொல்கிற திரித்துவப் பேராலயத்தை, வெயில் சாய்ந்து ஒரு பக்கத்தில் மட்டும் விழும்போது எடுங்கள். உயரமான கூர்முனைக்கு நேர் வெயிலைவிடப் பக்கவெயில்தான் வடிவம் கொடுக்கும். ஆராதனை நேரம் என்றால் வெளியே காத்திருங்கள். 1785-ல் கட்டிய குளோரிந்தா ஆலயம் சிறியது, அதனால் 50 மிமீ லென்ஸிலேயே அடங்கும்.

ஐந்து மணிக்குக் கொக்கிரகுளம் பக்கத்து ஆற்றங்கரைக்கு வந்துவிடுங்கள். சுலோசன முதலியார் பாலம் இங்கிருந்து பார்க்கும்போது மேற்கே நீள்கிறது, சூரியன் அதற்குப் பின்னால் இறங்குகிறது. வளைவுகள் கறுப்பாகவும் தண்ணீர் பொன்னாகவும் வேண்டும் என்றால் சூரியன் கட்டத்தில் இல்லாத வானத்தைப் பார்த்து அளங்கள். பாலத்தின் கல் விவரமும் தெரிய வேண்டும் என்றால் சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்து எடுங்கள். ஒரே படத்தில் இரண்டும் கிடைக்காது, முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

12. விளக்கு வைத்த பிறகு: மறுபடி கீழ ரத வீதி

காலையில் நின்ற அதே இடம். இப்போது கோபுரம் மேற்கு வானத்துக்கு எதிரே நிழலுருவமாக நிற்கும், வெளிச்சமெல்லாம் கடைகளில். இருட்டுக்கடை அல்வாக் கடையில் சாயங்காலம்தான் வியாபாரம். வரிசைக்குள் புகாமல் தெருவின் எதிர்ப் பக்கத்தில் நின்று, கடை வெளிச்சம் படுகிற முகங்களுக்கு அளந்து 1/60, எஃப்2-ல் எடுங்கள். கலர் பிலிம் பகல் வெளிச்சத்துக்காகச் செய்தது, குண்டு பல்பில் மஞ்சளாகத்தான் வரும். அதை ஸ்கேனில் முழுக்கத் திருத்திவிடாதீர்கள், அந்த மஞ்சள்தான் அந்தக் கடைவீதி.

ஃபிளாஷ் வேண்டாம். முன்னால் நிற்கிற முதுகுகள் வெள்ளையாகவும் கடை இருட்டாகவும் வரும்.

கிருஷ்ணாபுரத்தை இதே நாளில் சேர்க்காதீர்கள். திருச்செந்தூர் ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் வெங்கடாசலபதி கோயில் மண்டபத்துச் சிற்பங்களுக்குத் தனி ரோலும் தனிக் காலையும் வேண்டும். குறவனின் விலா எலும்பும் நரம்பும் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழுந்து தெரியும். அங்கேயும் முதலில் அனுமதி.

13. ரோலைத் திருப்பிச் சுற்றுவது

36 அல்லது 37-ல் லீவர் இறுகி நின்றால் பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள், துளை கிழியும். கேமராவின் அடியில் இருக்கிற சின்னப் பொத்தானை அழுத்துங்கள், ரீவைண்ட் கைப்பிடியை மடக்கி எடுத்து அம்புக்குறித் திசையில் சுற்றுங்கள். கை கனமாக இருக்கும், கடைசியில் ஒரு சின்ன இழுப்பு, அப்புறம் சட்டென்று லேசாகிவிடும். லேசான பிறகும் நாலு சுற்று. அதற்கப்புறம்தான் மூடியைத் திறக்க வேண்டும். பொத்தானை அழுத்தாமல் சுற்றி, 'இறுகிவிட்டதே' என்று மூடியைத் திறந்து பார்த்தவர்களின் படங்கள் பெரும்பாலும் அந்த ஒரு நொடியில் போய்விடும். தவறித் திறந்துவிட்டால் உடனே மூடிவிடுங்கள், உள்சுருளில் இருக்கிற சில படங்கள் தேறலாம்.

முடிந்த ரோலின் நாக்கு உள்ளே போயிருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல் என்று நினைத்து மறுபடி மாட்டிவிடுவீர்கள். டப்பாவின் மேல் தேதியும் ஐஎஸ்ஓ-வும் எழுதுங்கள்.

14. கழுவுவது

கலர் என்றால் சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் சி-41 கழுவுகிற இடங்களுக்குக் கூரியர். சனிக்கிழமை அனுப்பாதீர்கள், ஞாயிறு முழுக்க எங்காவது வண்டியில் வெந்துகொண்டிருக்கும். நெகட்டிவைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியே கொடுங்கள். தூத்துக்குடியிலிருந்து விமானத்தில் போகிறவர்கள் ரோலை ஒப்படைக்கிற பெட்டியில் வைக்காமல் கையில் வைத்து, எக்ஸ்ரேயில் போடாமல் கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவலாம். நம் ஊரில் சிக்கல் தண்ணீரின் சூடுதான். குறிப்புகள் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதியவை, நம் குழாயில் கோடையில் 30 டிகிரி வருகிறது. படத்தை வெளிக்கொண்டுவருகிற டி-76 கரைசலில் ஹெச்பி5 பிளஸ் ரோலுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சூடு ஏறினால் நேரம் மிகக் குறைந்து, ஊற்றி வடிக்கிற சில நொடி வித்தியாசமே படத்தில் திட்டாகத் தெரியும். அதனால் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, அதே 20 டிகிரியில் 11 நிமிடத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாளியில் ஐஸ் போட்டு, ரசாயனப் பாட்டில்களை அதற்குள் நிறுத்திக் குளிரவையுங்கள். ஐஸைக் கரைசலுக்குள் போடாதீர்கள், செறிவு மாறிவிடும். படத்தை நிலைநிறுத்துகிற ஃபிக்ஸர் கரைசலும் கழுவுகிற தண்ணீரும் கிட்டத்தட்ட அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும், திடீரென்று சூடு மாறினால் பிலிமின் பூச்சு சுருங்கி வெடிக்கும்.

காய வைப்பது குளியலறையில். முதலில் தரையிலும் சுவரிலும் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள், கதவைச் சாத்துங்கள், ஃபேன் வேண்டாம். மொட்டை மாடிக் கொடியில் போடாதீர்கள்.

15. நெகட்டிவை நோட்டோடு வைத்துப் படியுங்கள்

ஸ்கேன் மட்டும் பார்த்தால் போதாது, ஸ்கேன் செய்கிறவர் உங்கள் தவறை ஓரளவு சரிசெய்து அனுப்பியிருப்பார். நெகட்டிவை ஜன்னலில் பிடித்து, நோட்டில் எழுதிய எண்ணோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக, ஒன்றுமில்லாமல் இருந்தால் வெளிச்சம் குறைவு. கறுத்து அடர்ந்திருந்தால் கூடுதல். ரோல் முழுக்கவே தெளிவாக இருந்தால் ஓரத்து எழுத்துகளைப் பாருங்கள்: எழுத்து இருந்தால் கழுவியது சரி, பிலிம் ஓடவில்லை அல்லது லென்ஸ் மூடி இருந்திருக்கிறது. எழுத்தும் இல்லை என்றால் கழுவியதில் கோளாறு.

மண்டபத்துப் படங்களும் ராத்திரிப் படங்களும் முதல் ரோலில் அநேகமாக மெலிந்துதான் வரும். அவற்றுக்கு நேரே நோட்டில் 'ஒரு ஸ்டாப் திறக்கவும்' என்று எழுதி வையுங்கள், அடுத்த ஞாயிறு அதே நோட்டைத்தான் எடுத்துப் போகப் போகிறீர்கள். நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டி உறையில் போட்டு, பீரோவில் துணிக்கு நடுவே வைக்காமல், சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள். கேமராவுக்கும் அதே டப்பாதான்.